கற்பனை உலகத்துக்கு இசையிலிருந்து பெயர் எடுக்கலாமா?

"மிகுபுனைவு நாவலுக்காக ஓர் உலகத்தை உருவாக்கிக்கொண்டிருக்கிறேன். நாடு, குலம், ஆள், ஆயுதம் எல்லாவற்றுக்கும் இசைச் சொற்களிலிருந்தே பெயர் வைக்க ஆசை. அடாஜியோ, ஃபெர்மாட்டா, லார்கோ, காம்போதி, திரிபுடை என்று ஒரு பட்டியலும் போட்டுவிட்டேன். இது எடுபடுமா?" என்பதுதான் கேள்வி.

எடுபடும். ஆனால் பட்டியலிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து ஒட்டினால் எடுபடாது. இசைச் சொற்கள் ஒன்றோடொன்று கணக்கு வைத்திருப்பவை. எது எதற்கு அடுத்தது, எது எதோடு சேரும், எது எதைக் கெடுக்கும் என்பதெல்லாம் அந்த ஏற்பாட்டுக்குள் ஏற்கெனவே இருக்கிறது. ஓசை நன்றாக இருக்கிறதே என்று சொல்லை மட்டும் பிய்த்துக்கொண்டு வந்தால் அந்தக் கணக்கு முழுவதும் பின்னால் நின்றுவிடும். உறவுமுறையை எடுங்கள், பெயர்கள் கூடவே வந்துவிடும்.

முதலில் உங்கள் பட்டியலைப் பார்ப்போம். இத்தாலியச் சொற்கள் தமிழ் வாசகருக்குப் பெரும்பாலும் வெறும் ஓசைதான். அதில் தவறில்லை. ஆனால் கொஞ்சம் கீபோர்டு கற்றவர்கூட அடாஜியோ என்றால் 'மெதுவாக' என்று அறிவார். அடாஜியோ என்ற மாவீரன் வாளை உருவும் இடத்தில் அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். ஃபெர்மாட்டா சுரத்தை நிறுத்திப் பிடிக்கச் சொல்லும் குறி. இத்தாலியில் பேருந்து நிறுத்தத்துக்கும் அதே பெயர்தான். பாட்டின் முடிவுப் பகுதியைக் குறிக்கும் கோடா என்றால் வால். மறுபக்கம், ராகம், தாளம், சுருதி, பல்லவி போன்றவை வாசகருக்கு மிக நெருக்கமானவை. 'பல்லவி நாட்டின் மீது தாளன் படையெடுத்தான்' என்று எழுதினால் அது குழந்தைகள் நாடகம்போல் ஆகிவிடும். ராகப் பெயர்களில் பல ஏற்கெனவே மனிதர்களின் பெயர்கள். கல்யாணி என்றதும் வாசகருக்குத் தெரிந்த ஒரு கல்யாணிதான் நினைவுக்கு வருவார், டிராகன் வராது. எங்கேயோ கேட்டமாதிரி இருக்கவேண்டும், சட்டென்று பொருள் பிடிபடக்கூடாது. அந்த இடைப்பட்ட பகுதியில் தேடுங்கள். பழந்தமிழ் இசையில் அப்படிப்பட்ட சொற்கள் கொட்டிக்கிடக்கின்றன.

இசைப் பெயரை மனிதருக்கு வைப்பதற்கு நம்மிடம் பழைய முன்மாதிரியே உண்டு. சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில் மாதரி ஏழு பெண்களை வட்டமாக நிறுத்தி, குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரங்களின் பெயரை வரிசையாக அவர்களுக்குச் சூட்டுகிறாள். அதோடு நிற்கவில்லை. குரல் என்று பெயர் பெற்றவளை மாயவன் என்கிறாள், இளியை வெள்ளை நிறத்துப் பலராமன் என்கிறாள், துத்தத்தை நப்பின்னை என்கிறாள். பெயர், நிற்கும் இடம், ஏற்கும் பாத்திரம் மூன்றும் ஒரே ஏற்பாட்டில் வந்துவிடுகின்றன. உலகத்தை உருவாக்குகிற உங்களுக்கு இதைவிட நல்ல வார்ப்பு வேண்டியதில்லை.

சரி, இந்த ஏழையும் ஏழு குலங்களாக வைத்துக்கொள்வோம். பழைய இசை நூல்காரர்கள் சுரங்களுக்குள் இருக்கும் உறவை இணை, கிளை, நட்பு, பகை என்று பிரித்தார்கள். நின்ற நரம்பிலிருந்து, அதாவது தொடங்கும் சுரத்தையே ஒன்றாக வைத்து, எண்ணினால் இரண்டாவது இணை, நான்காவது நட்பு, ஐந்தாவது கிளை, மூன்றாவதும் ஆறாவதும் பகை. கிளை என்றால் உறவினர். இசைக் கணக்கே அரசியல் மொழியில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

இப்போது எண்ணிப் பாருங்கள். குரலிலிருந்து ஐந்தாவது இளி. ஆகவே குரல் குலத்துக்கு இளி குலம் சொந்த உறவு. ஆனால் இளியிலிருந்து எண்ணினால் இளி, விளரி, தாரம், குரல் என்று குரல் நான்காம் இடத்தில் விழுகிறது. நட்பு, அவ்வளவுதான். ஒருவர் மற்றவரை ரத்த உறவாக நினைக்கிறார், அவரோ இவரை நண்பராக மட்டும் பார்க்கிறார். இளிக்குச் சொந்த உறவு யார்? ஐந்தாவதாக வருவது துத்தம். துத்தத்துக்கு இளி நான்காவது, எனவே வெறும் நட்பு. பகையை எடுத்துக்கொண்டால் மூன்றும் ஆறும் ஒன்றையொன்று திருப்பிப் போட்டவை. குரலுக்கு விளரி ஆறாவது, விளரிக்குக் குரல் மூன்றாவது, இரண்டு பக்கமும் பகை. உறவு ஒருதலை, பகை மட்டும் இருதலை. இதை நீங்கள் யோசித்து உருவாக்கவேண்டியதே இல்லை, ஏழு பெயரை வரிசையில் வைத்தாலே கதை கிடைத்துவிடுகிறது.

இன்னொரு அடுக்கும் உண்டு. ஏழு சுரங்களுக்கும் அலகுக் கணக்கு, அதாவது சுர இடைவெளியின் அளவு, இருக்கிறது: குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2. மொத்தம் 22. இதை ஒரு பேரவையின் இருக்கைகளாக எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பான்மைக்கு 12 வேண்டும். குரல், துத்தம், இளி மூன்றும் சேர்ந்தால் சரியாக 12. மாதரி பாத்திரம் கொடுத்த அதே மூன்று பேர்! முன்சொன்ன அந்த ஒருதலை உறவுகளால் பிணைந்த மூன்று குலங்கள்தான் ஆட்சியையே தாங்கி நிற்கின்றன. மூவரில் ஒருவர் முகம் திருப்பினால் அவை கவிழும்.

ஒரு சிக்கல் இருக்கிறது. 'இளி' என்று இன்றைய வாசகரிடம் சொன்னால் பல்லைக் காட்டிச் சிரிப்பதுதான் நினைவுக்கு வரும். 'இளி வம்சம்' என்ற பெயரோடு எந்த அரசகுலமும் பிழைக்காது. இதற்கும் வழி உள்ளேயே இருக்கிறது. எல்லாப் பண்ணுக்கும் அடிமணை என்பதால் இளிக்குப் பட்டடை என்றும் பெயர் உண்டு. பட்டடை கொல்லனின் அடைகல்லும்கூட. பட்டடையார் என்ற குலத்தை ஆயுதம் வடிக்கும் கொல்லர்களாக வைத்துவிடுங்கள். எல்லோரும் அவர்கள் மேல்தான் நிற்கிறார்கள், அடியும் அவர்கள் மேல்தான் விழுகிறது. தாரம் என்ற பெயரிலும் இதே போன்ற வம்பு உண்டு. அதற்குப் பின்னால் வருகிறேன்.

குலங்கள் ஆயிற்று, நாடுகள்? ஏழு சுரங்களையும் மாற்றாமல், எதைக் குரலாக, அதாவது அரியணையில், வைக்கிறோம் என்பதை மட்டும் மாற்றினால் வேறு வேறு பாலைகள், அதாவது பழந்தமிழ்ச் சுர வரிசைகள், பிறக்கும். குரலே குரலாக நின்றால் செம்பாலை. துத்தம் குரலானால் படுமலைப்பாலை. அப்படியே வரிசையாகச் செவ்வழிப்பாலை, அரும்பாலை, கோடிப்பாலை, விளரிப்பாலை, மேற்செம்பாலை. எல்லா நாட்டிலும் அதே ஏழு குலங்கள்தான், ஆளும் குலம் மட்டும் வேறு. இன்று பெரும்பாலோர் ஏற்கும் கணக்கில் செம்பாலை என்பது அரிகாம்போதி ராகம், அரும்பாலை சங்கராபரணம், கோடிப்பாலை கரகரப்பிரியா, மேற்செம்பாலை கல்யாணி.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், மேற்கத்திய இசையிலும் இதே ஏழும் வேறு பெயர்களில் இருப்பதுதான். செம்பாலை மிக்ஸோலிடியன், கோடிப்பாலை டோரியன், விளரிப்பாலை ஃபிரிஜியன், மேற்செம்பாலை லிடியன். ஒரே நாட்டுக்கு உள்ளூர்க்காரர் சொல்லும் பெயர் ஒன்று, கடல் கடந்து வந்த வணிகர் சொல்லும் பெயர் வேறு. உண்மை உலகத்திலும் நாடுகளுக்கு இப்படித்தான் இரட்டைப் பெயர் இருக்கிறது. கோடி நாட்டை அயலார் 'தோரியம்' என்கிறார்கள் என்று ஒரு வரி எழுதினால் போதும், உங்கள் உலகத்துக்கு ஒரு வரலாறு இருப்பதாக வாசகர் நம்பிவிடுவார். வெளிநாட்டுச் சொற்களை நேராக நாயகனுக்குச் சூட்டாமல் இப்படி அயலார் வாயில் வைப்பதுதான் அவற்றுக்குச் சரியான இடம்.

ஏழில் செவ்வழி தனிக்கதை. கைக்கிளையைக் குரலாக்கிப் பிறக்கும் அந்தப் பாலைக்கு ஐந்தாம் இடம் சரியாக விழாது, அரைச்சுரம் தாழ்ந்து நிற்கும். கிளை இல்லாத நாடு என்று வையுங்களேன். கர்நாடக இசையின் தாய் ராகங்களான மேளகர்த்தா 72-லும் ஐந்தாம் சுரமான பஞ்சமம் கட்டாயம் உண்டு என்பதால், அந்தப் பெரிய அட்டவணையில் இதற்கு அப்படியே இடம் கிடையாது. அரசு வரைபடத்தில் இல்லாத ஏழாவது நாடு. மேற்கில் இதன் இணையான லோக்ரியனையும் இசையமைப்பாளர்கள் அதிகம் தொட்டதில்லை. உங்கள் வில்லனோ நாயகியோ எங்கிருந்து வரவேண்டும் என்று இனி நான் சொல்லவேண்டியதில்லை.

தீய சக்திகளுக்கும் பெயர் தேடி அலையவேண்டாம். யாழ் நரம்பில் வரும் குற்றங்களை நான்காகச் சொன்னார்கள்: செம்பகை, ஆர்ப்பு, கூடம், அதிர்வு. இன்னிசை வழியே போகாமல் பண்ணுக்கு மாறாக ஒலிப்பது செம்பகை. அளவுக்கு மேல் ஓங்கி ஒலிப்பது ஆர்ப்பு. இசை வெளியே வராமல் மழுங்கிப்போவது கூடம். சிதறி நடுங்குவது அதிர்வு. நான்கு படைத்தலைவர்கள், நான்கு வகைக் கேடு, யார் எப்படி அழிப்பார் என்பதுவரை விளக்கம் தயார். கூடம்தான் இவர்களில் பயங்கரமானவன் என்று நான் சொல்வேன். அவன் எதையும் உடைப்பதில்லை. அவன் வந்துபோன ஊரில் ஒலி மட்டும் கேட்காது. இந்தக் குற்றங்கள் மரத்திலிருந்து வருகின்றன என்பதும் பழைய நம்பிக்கை. நீரில் நின்ற மரம், அழுகிய மரம், வெந்த மரம், இடி விழுந்த மரம் ஆகியவற்றில் யாழ் செய்யக்கூடாது. தீமை எங்கே பிறந்தது என்ற அத்தியாயத்துக்கு இது போதுமானது.

மந்திரம் பயிலும் மாணவருக்கும் படிநிலைகள் வேண்டுமே. யாழ் வாசிப்பின் செயல்களைச் சிலப்பதிகாரத்தின் கானல்வரி எட்டாகச் சொல்கிறது: பண்ணல், பரிவட்டணை, ஆராய்தல், தைவரல், செலவு, விளையாட்டு, கையூழ், குறும்போக்கு. விரல் வேலைகள் இன்னோர் எட்டு: வார்தல், வடித்தல், உந்தல், உறழ்தல், உருட்டல், தெருட்டல், அள்ளல், பட்டடை. முதல் எட்டும் பயிற்சி நிலைகள், அடுத்த எட்டும் போர் முறைகள். 'அவள் இன்னும் தைவரலைத் தாண்டவில்லை' என்று ஆசான் சொன்னால், விளக்கமே இல்லாமல் வாசகருக்குப் புரிகிறது. தைவரல் என்றால் தடவிக்கொடுப்பது, ஆகவே அந்த நிலையில் இருப்பவள் சக்தியைத் தொட்டுப் பழக மட்டும் அனுமதி பெற்றவள். மேல், இடை, கீழ் என்று மூன்று உலகங்கள் இருந்தால் வலிவு, சமன், மெலிவு. மூன்று தாயிகளுக்கு, அதாவது சுரங்களின் உச்ச, நடு, தாழ் நிலைகளுக்கு, பழந்தமிழில் இருக்கும் பெயர்கள் இவை.

நிலவரைபடத்துக்கு ஒரு யோசனை. யாழின் வளைந்த தண்டு கோடு. கோடு என்றால் மலைச்சிகரமும்தான். அதில் நரம்புகளை இறுக்கிக் கட்டும் வார்க்கட்டு திவவு. கீழே ஒலி திரளும் குடம்போன்ற பகுதி பத்தர். உங்கள் கண்டத்தையே ஒரு யாழின் வடிவில் வரைந்துவிடுங்கள். கோடு ஒரு வளைந்த மலைத்தொடர், அதன் நெடுகிலும் திவவு என்ற காவல்கோட்டைகள், ஒவ்வொரு கோட்டையிலிருந்தும் ஓர் ஆறு இறங்கிப் பத்தர் என்ற பெருங்கிண்ணப் பள்ளத்தாக்கில் சேர்கிறது. செங்கோட்டி யாழுக்கு 7 நரம்பு, பேரியாழுக்கு 21. ஆறுகளின் எண்ணிக்கையும் கிடைத்துவிட்டது. வரைபடம் யாழின் வடிவில் இருப்பதைக் கதையில் யாரும் வாய்விட்டுச் சொல்லவேண்டாம்.

கருவிகளின் பெயர்களில் மலைபடுகடாம் ஒரு சுரங்கம். தொடக்கத்திலேயே முழவு, ஆகுளி, பாண்டில், தூம்பு, தட்டை, எல்லரி, பதலை என்று ஒரு கூட்டமே வருகிறது. எல்லரி ஒரு நகரத்துக்கு அப்படியே பொருந்தும். யானை பெருமூச்சு விடுவதுபோல் ஒலிக்கும் கொம்பை அந்தப் பாட்டு 'களிற்றுயிர்த் தூம்பு' என்கிறது. இதைவிட நல்ல போர்க்கொம்பை நான் கேள்விப்பட்டதில்லை. கரடி கத்துவதுபோன்ற ஓசை உடையதால் கரடிகை என்று பெயர் பெற்ற முரசும் உண்டு. நாகசுரத்தில் குட்டையாக, உச்ச சுருதியில் ஒலிப்பது திமிரி. நீளமாக, தாழ்ந்து ஒலிப்பது பாரி. இரட்டைப் பிறவிகளுக்கு வைத்துப் பாருங்கள், குணமும் சேர்ந்து வந்துவிடும்.

தேவாரப் பண்களில் யாழ்முரி என்று ஒன்று உண்டு. சம்பந்தர் பாடிய பதிகத்தை யாழில் வாசிக்க முடியாமல் போனதால் திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழையே முறிக்கப் போனார் என்பது அதன் கதை. ஒரு மலைக்கணவாய்க்கோ தோற்ற போர்க்களத்துக்கோ இது பொருத்தம். ஆனால் பண்களின் பெயரைத் தொழுகையோடு சேர்த்துக் கேட்டு வளர்ந்த வாசகர்கள் நிறைய இருக்கிறார்கள். அந்தப் பெயர்களை அசுரன் கோட்டைக்கு வைக்காமல் இருப்பது நல்லது.

ராகங்களில் காந்தாரம், சௌராஷ்டிரம், மாளவி, கூர்ஜரி போன்றவை ஊர்ப் பெயரிலிருந்து வந்தவை. கொல்லிப் பண்ணுக்கும் மலையின் பெயர்தான். அவற்றைத் திரும்ப ஊருக்கு வைத்தால் வாசகர் உண்மையான நிலப்பரப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார், அதனால் தவிர்க்கலாம். உங்களுக்குப் பயன்படுவது மேளகர்த்தாப் பெயர்களின் உத்தி. 17-ஆம் நூற்றாண்டில் வேங்கடமகி 72 மேளங்களை வகுத்தார். பிற்பாடு எண்ணைப் பெயரிலேயே ஒளித்துவைக்க, எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் கடபயாதி முறைப்படி முன்னொட்டுகளைச் சேர்த்தார்கள். கல்யாணிக்கு முன்னால் 'மேச' வந்தது: ம 5, ச 6, திருப்பினால் 65. மாளவகௌளைக்கு முன்னால் 'மாயா': 5, 1, திருப்பினால் 15. சங்கராபரணத்துக்குத் 'தீர': 9, 2, ஆக 29. உங்கள் அரச வம்சத்தில் பெயரின் முதல் இரண்டு எழுத்து எத்தனையாவது அரசர் என்பதைச் சொல்லட்டும். அதைக் கண்டுபிடிக்கும் வாசகர் மற்றவர்களிடம் சொல்லாமல் இருக்கமாட்டார். 72-ஐ ஆறாறாகப் பிரித்த 12 சக்கரங்களும் இதே வகை: இந்து என்றால் ஒன்று, நேத்திரம் இரண்டு, அக்னி மூன்று, ஆதித்யம் பன்னிரண்டு. மாகாணங்களுக்கு எண் கொடுக்காமலே எண் கொடுத்துவிடலாம்.

இருக்கும் சொல் எதுவும் வேண்டாம், புதிதாகவே வேண்டும் என்றால், 11-ஆம் நூற்றாண்டில் அரெஸ்ஸோ நகரத்துக் குய்தோ செய்ததைச் செய்யுங்கள். ஒரு லத்தீன் துதிப்பாடலில் ஒவ்வோர் அடியும் முந்தைய அடியைவிட ஒரு சுரம் உயர்ந்து தொடங்கியது. அந்த அடிகளின் முதல் அசைகளையே எடுத்து உத், ரே, மி, ஃபா, ஸோல், லா என்று சுரங்களுக்குப் பெயராக்கினார். நீங்களும் உங்கள் உலகத்தின் படைப்புப் பாடலை ஆறேழு அடியில் எழுதுங்கள். ஒவ்வோர் அடியின் முதல் அசையும் ஒரு நகரத்தின் பெயர் ஆகட்டும். பாட்டு கதையில் நடுவே எங்காவது ஒருமுறை வந்தால் போதும். மனிதரல்லாத உயிர்கள் பேசுவதற்கு, தாளத்தை வாயால் சொல்லும் சொல்லுக்கட்டு இருக்கவே இருக்கிறது. தகிட, தளாங்கு போன்றவற்றுக்குப் பொருள் இல்லை, நடை மட்டும் உண்டு. ஐந்தைந்தாகப் பேசும் இனம், ஏழேழாகப் பேசும் இனம் என்று பிரித்தால் காதாலேயே அடையாளம் தெரியும்.

கடைசியாக, பெயரை முடிவு செய்யும் முன் அதை வேற்றுமை உருபுகளோடு சொல்லிப் பாருங்கள். பலரும் இதைச் செய்வதில்லை. அகராதியில் அழகாக இருக்கும் பெயர் வாக்கியத்துக்குள் வந்ததும் உருமாறிவிடும். 'அம்' என்று முடியும் பெயர் 'அத்து' ஆகும்: துத்தத்தை, துத்தத்துக்கு. ஊருக்கு இது சரி, ஆளுக்குச் சரிவராது. தாரம் என்ற வீராங்கனையைப் பற்றி 'தாரத்தை இழந்தான்' என்று எழுதினால் அவன் மனைவி இறந்ததாகத்தான் படிப்பார்கள். அவளைத் தாரை என்று ஆக்கலாம், அல்லது தாரம் என்பதைக் குலத்துக்கு விட்டுவிட்டு அவளைத் தாரத்தாள் எனலாம். இகரத்தில் முடிபவை, விளரி, எல்லரி, ஆகுளி, ஆளத்தி போன்றவை, எந்த உருபையும் தயங்காமல் ஏற்கும். ஆளத்தி என்பது ஆலாபனைக்குப் பழைய பெயர். அரசிக்கு வைத்தால் 'ஆளும்' என்ற ஒலியும் உள்ளே கேட்கும். அப்புறம், ஒரே அத்தியாயத்தில் விளரி, விளரிப்பாலை, வலிவு, வார்தல் நான்கையும் கொண்டுவராதீர்கள். எல்லாம் வகரத்தில் தொடங்குவதால் வாசகர் குழம்புவார். முக்கிய ஆட்களின் முதல் எழுத்து வேறு வேறாக இருக்கட்டும். நூலின் பின்னால் சொற்பொருள் பட்டியல் போடும் ஆசை வந்தால், இரண்டாம் பதிப்புவரை பொறுத்துக்கொள்ளுங்கள்.